கூதிரும் இளைப்பாறலும்: பொருநைக்கரை நூல்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

1. பருவமும் பெயரும்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர் என வழங்கினர். ஆவணியும் புரட்டாசியும் கார். அதனை அடுத்து வருவது கூதிர். மேலைநாட்டாருள் ஒரு சாரார், ஏறத்தாழ இதே காலத்தில் தம் நாட்டு மரங்கள் இலை உதிர்ப்பது கண்டு, அப்பருவத்திற்கு அதனையே பெயராக்கினர். நம் பாடநூல்களும் இதழ்களும் அதனை 'இலையுதிர் காலம்' என மொழிபெயர்த்து வழங்கி வருகின்றன. தமிழகத்திலோ, இலையுதிர்க்கும் இயல்புடைய மரங்களுட் பல, பின்பனியிலும் இளவேனிலின் தொடக்கத்திலுமே இலை உதிர்ப்பன. ஐப்பசியில் இந்நாடு பசுமை கொள்ளும், குளங்கள் நிறையும்.

பெயர் மாற்றம் சிறிது போலத் தோன்றினும், அதனோடு ஒரு கருத்தும் உடன் வந்துவிடுகிறது. விளைவை வீட்டிற் சேர்த்தபின் கணப்பருகே அமர்ந்து, உடலைப் பேணி, உள்ளம் தேறுதற்குரிய காலம் இஃது என்பதே அக்கருத்து. திருநெல்வேலி நாட்டில் நிலைமை வேறு. பொதிய மலையில் தோன்றிப் புன்னைக்காயலுக்கு அருகே கடலிற் கலக்கும் தாமிரபரணியாகிய பொருநை, மேல்காற்று மழை, கீழ்காற்று மழை ஆகிய இரண்டாலும் பயன் பெறுவது. மேல்காற்று மழையைக் கொண்டு விளைவது கார்ப்பயிர். கீழ்காற்று மழையைக் கொண்டு விளைவது பிசானம். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்கள் பிசானத்திற்கு நாற்றங்கால் அமைத்தும் உழுதும் நடவு செய்தும் உழைக்கும் காலமாகும். எனவே வீட்டினுள் இருப்பவர்க்கு இளைப்பாறத் தோன்றும் பருவம், வயலில் இருப்பவர்க்கு ஓயாது உழைக்கும் பருவம். இம்முரண் இந்நிலத்து இலக்கியத்தில் எவ்வாறு இடம்பெற்றுள்ளது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

ஆய்வு தெளிவுறும் பொருட்டு இரு சொற்களை வேறுபடுத்திக் கொள்வோம். உடலுக்கு இதமானவற்றைத் தேடிக்கொள்ளுதல் நலம்பேணல். உழைப்பின் களைப்பும் கவலையும் நீங்கி உள்ளம் அமைதல் இளைப்பாறல். இவ்விரண்டும் ஒன்றெனவே பொதுவாகக் கருதப்படுகின்றன. பாண்டிநாட்டுப் புலவர்கள் அவ்வாறு கருதினாரல்லர் என்பது கீழ்வரும் மூன்று நூல்களாற் புலனாகும். அவற்றுள் முதலாவது பொருநைக்கரையிற் பிறந்ததன்று. ஆயினும் கூதிரைப் பற்றிய தமிழ் மரபு முழுவதற்கும் அளவுகோலாக நிற்பதாதலின் அதனை முதற்கண் நோக்குவோம்.

2. நெடுநல்வாடை: இதம் உண்டு, ஓய்வு இல்லை

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, நக்கீரர் பாடியது. 188 அடிகளை உடையது. உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பின்னர், இப்பாட்டு அகமா புறமா என்னும் வினாவே அறிஞரைப் பெரிதும் ஈர்த்தது. வேலில் வேப்பந்தழை கட்டப்பட்டமை சுட்டப்பெறுவதால் பாட்டுடைத் தலைவன் பாண்டியன் எனப் புலப்படுகிறான். அதனால் இது புறமாயிற்று என்பது உரைமரபு. இவ்வினாவின் நிழலில், பாட்டின் முற்பகுதியில் உள்ள ஊர்க் காட்சிகள் அரசியின் பிரிவுத் துயருக்கு வெறும் பின்புலமாகவே கொள்ளப்பட்டன. அவற்றைத் தனியே நோக்கின், பருவம் மாறும்போது மக்கள் தம் உடலையும் இல்லத்தையும் எவ்வாறு பேணிக்கொண்டனர் என்பதற்கு இத்துணைச் செறிவான சான்று பிறிதொன்று காண்டல் அரிது.

புலவர் காட்டும் கூதிர்கால நலம்பேணலின் முதற்கூறு கைவிடுதல் ஆகும். வேனிலில் இன்பம் தந்த பொருள்கள் ஒவ்வொன்றாக ஒதுக்கப்படுகின்றன. சந்தனமும் அதனை அரைக்கும் வட்டக் கல்லும் பயனின்றிக் கிடக்கின்றன. கைவினைஞர் செய்த விசிறி உறையிடப்பெற்றுத் தொங்குகிறது; அதில் சிலந்தி வலை பின்னுகிறது. மேன்மாடத்துச் சாளரங்கள் அடைக்கப்படுகின்றன. குறுகிய வாயுடைய கலத்துத் தண்ணீரை எவரும் நாடுவதில்லை. இரண்டாம் கூறு, விட்டவற்றிற்கு ஈடாகச் சிலவற்றைக் கொள்ளுதல். கூந்தலுக்குச் சில மலரே போதும், அகிற்புகை வேண்டும். அகன்ற வாயுடைய தடாவில் நெருப்பு இட்டு, முதியரும் இளையரும் அதனைச் சூழ்ந்திருப்பர். குளிரால் யாழின் நரம்பு நிலை திரிகிறது. ஆடல் மகளிர் அதனைத் தம் மார்பின் வெம்மையில் தடவிப் பண்ணுக்கு இசைவிப்பர். கதிரவன் தோன்றாமையால் பொழுது அறிய இயலாத மகளிர், பிச்சியின் அரும்பு விரிவது கொண்டு மாலை வந்தமை உணர்ந்து, விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவித் தொழுவர். இவையனைத்தும் எளிய செயல்கள். வழக்கமான வாழ்வினின்றும் சிறிதே விலகியவை. நலம்பேணல் என்பது புதியன தேடுதலினும் வேண்டாதன விடுதலே என்னும் கருத்து இவற்றில் அடங்கியுள்ளது.

ஆயினும் புலவர் இவ்விதத்தைப் பாட்டின் முடிவாகக் கொள்ளவில்லை. இவற்றிற்கு முன்னரே, வெள்ளத்தால் இடம் பெயர்ந்து, மேட்டுநிலத்தில் கையை நெருப்பிற் காட்டியும் குளிர் நீங்காது நடுங்கும் கோவலரைக் காட்டிவிடுகிறார். இறுதியிலோ, யானை மருப்பால் அமைந்த கட்டிலும் அன்னத்தின் மென்தூவி பரப்பிய அணையும் உடைய அரசியைக் காட்டுகிறார். சேடியர் அவள் அடியை வருடுகின்றனர். செவிலியர் ஆறுதல் கூறுகின்றனர். அவளோ மேற்கட்டியில் எழுதிய திங்களையும் உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்செறிகிறாள். அரசனும் உறங்கவில்லை, பாசறையில் நள்ளிரவில், காற்றில் அலையும் விளக்கொளியில், புண்பட்ட வீரரை ஒவ்வொருவராகக் கண்டு வருகிறான். ஆகவே பாட்டின் அமைப்பு இதுவாகும்: இதம் மிகுந்தோறும் இளைப்பாறல் குறைகிறது. ஊர் மக்கள் ஒரு தடா நெருப்பைப் பகிர்ந்துகொண்டு அமைதி பெறுகின்றனர். பகிர்வார் இன்மையால் அரண்மனைப் பஞ்சணை பயனற்றதாகிறது. 'வாடை' என்னும் சொல்லுக்கு 'நெடுமை'யும் 'நன்மை'யும் ஒருங்கே அடையாயினமைக்கு, அரசிக்கு நெடிது, அரசற்கு நன்று என உரை கூறும் மரபு உண்டு. நீண்ட வாடையோடு ஊர் மக்கள் நாள்தோறும் இசைந்து வாழும் திறமும் பாட்டின் பெரும்பகுதியாக உள்ளமை, அவ்வுரையொடு சேர்த்து நோக்கற்பாலது.

3. குற்றாலம்: விளையாட்டின் மலை

இனிப் பொருநை நாட்டிற்கு வருவோம். குற்றாலத்தில் அருவியாக வீழும் சிற்றாறு, கிழக்கு நோக்கி ஓடிச் சீவலப்பேரியை ஒட்டிப் பொருநையிற் சேர்கிறது. கயத்தாற்றின் நீரும் அங்கு வந்து கூடுதலின் அவ்விடம் முக்கூடல் எனப்பட்டது. அம்பாசமுத்திரத்திற்குக் கிழக்கே இதே பெயருடன் விளங்கும் ஊர் வேறு. சிற்றாற்றின் தலையிற் பிறந்த நூல் திருக்குற்றாலக் குறவஞ்சி. அதன் முடிவிடத்திற் பிறந்தது முக்கூடற்பள்ளு. இரண்டையும் தனித்தனி வகையாகவே இலக்கிய வரலாற்றாசிரியர் எண்ணிச் செல்வர். ஒரே நீரோட்டத்தின் இரு முனைகளில் எழுந்தவை என்னும் நோக்கில் அவற்றை இணைத்துக் கற்பின், மழைக்காலத்து ஓய்வு பற்றிய இரு வேறு காட்சிகள் எதிரெதிரே நிற்கக் காணலாம்.

மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டினர். அவர் பாடிய மலை, ஆனி முதல் ஆவணி வரை சாரல் வீசும் மலை. கூதிருக்கு முற்பட்டது அச்சாரற் பருவம். ஆயினும் நீர்வளம் தொடங்குவது ஆங்கே. குறத்தி கூறும் மலைவளத்தில் உழைப்பின் சுவடு இல்லை. குரங்குகள் கனி கொடுத்துக் கொஞ்சுகின்றன. அவை சிந்தும் கனிக்கு வானோர் காத்து நிற்கின்றனர். தேனருவியின் திரை வான் வரை எழுதலால் ஞாயிற்றின் தேர்க்காலும் குதிரையின் காலும் வழுக்குகின்றன. உலகை இயக்கும் தேரே இம்மலையில் தன் தொழிலிற் சற்றுத் தடுமாறுகிறது. விளையாட்டிற்கென ஒதுக்கப்பெற்ற நிலம் இது என்பதை இதனினும் நயமாகக் கூறல் இயலாது. வசந்தவல்லியின் பந்தாட்டமும் அந்நிலத்திற்கு ஏற்றதே.

எனினும், நெடுநல்வாடையிற் கண்ட உண்மை ஈண்டும் தலைகாட்டுகிறது. குற்றாலநாதரின் உலாக் கண்டு காதல் கொண்ட வசந்தவல்லிக்குத் தோழியர் சந்தனம் பூசி விசிறுகின்றனர். அவ்வுதவியெல்லாம் நோயை ஆற்றாது மூட்டிவிடுவதாகக் கவிராயர் பாடுகிறார். இது சிற்றிலக்கியங்களிற் பலவிடத்தும் வரும் மரபே. ஆயினும் மரபு என்று கூறி விடுவது விளக்கம் ஆகாது. அம்மரபு ஏன் நிலைத்தது என்பதே வினா. இதமான பொருள் தானே அமைதி தருவதில்லை என்னும் அறிவு அதனுள் உறைகின்றது. வசந்தவல்லிக்கு அமைதி தருவது சந்தனமன்று. பல நாடு நடந்து, களைத்து, பசித்து வந்த குறத்தியின் சொல்லே. உழைத்து வந்தவள் ஒருத்தி, ஓய்ந்திருப்பவளுக்கு ஓய்வு அளிக்கிறாள். பின்னர்க் குறத்தியின் பொருட்டு அலைபவன் பறவை பிடிக்கும் சிங்கன். அவன் தொழிலும் காதலும் ஒருங்கே நகைச்சுவையாகின்றன. மலையில் வேடன் தன் தொழிலை மறந்து மனைவியைத் தேடலாம். அவனைத் தண்டிப்பார் ஒருவரும் இலர். இக்குறிப்பை மனத்திற் கொண்டு ஆற்றின் போக்கில் கீழே செல்வோம்.

4. முக்கூடல்: ஓய்வின் விலை

முக்கூடற்பள்ளின் ஆசிரியர் இன்னார் என உறுதியாகக் கூறுதற்கில்லை. நூலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று, மழைக்குறி கண்டு மகிழும் பகுதி. மலையாளத் திசையிலும் ஈழத் திசையிலும் மின்னல் தோன்றுகிறது. கேணியில் தவளை கத்துகிறது. நண்டு தன் வளையின் வாயைச் சேற்றால் அடைக்கிறது. வானம்பாடிகள் மழைநீர் நாடித் திரிகின்றன. மேற்கும் கிழக்குமாகிய இரு திசை மின்னலையும் ஒருங்கே சுட்டியமை, இரு பருவக்காற்றையும் நம்பி வாழும் நிலத்தின் கண்கொண்டு பாடியதன் அடையாளம். நெடுநல்வாடையில் மழை வீட்டை அடைக்கச் செய்கிறது. முக்கூடற்பள்ளில் மழை எல்லாரையும் வெளியே அழைக்கிறது. நண்டு ஒன்றே தன் வீட்டை அடைத்துக்கொள்கிறது எனலாம். ஆற்று வெள்ளம் அச்சம் தரத்தக்கது என்பதனை இந்நாட்டார் அறிவர். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களிற் பெய்த பெருமழையில் பொருநைக் கரையூர்கள் பட்ட துன்பம் நினைவினின்று அகலாது. வெள்ளம் வரும்போது குறுக்குத்துறை முருகன் கோயில் நீரில் மூழ்குதலும், வடிந்தபின் வழிபாடு தொடர்தலும் இங்கு வழக்கமே. அச்சத்தை அறிந்தும் வெள்ளத்தை வரவேற்பவரின் மகிழ்ச்சி அது.

இம்மகிழ்ச்சிக்குப் பின்னரே நூலின் கதை நிகழ்கிறது. பள்ளன் முக்கூடலைச் சார்ந்த மூத்த மனைவியை விட்டு, மருதூரைச் சார்ந்த இளைய மனைவியின் இல்லத்தில் தங்கிவிடுகிறான். பண்ணை வேலை தவறுகிறது. மூத்தவள் முறையிடுகிறாள். பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுமரத்திற் பூட்டுகிறான். பின்னர் மூத்தவளே இரந்து அவனை விடுவிக்கிறாள். விடுதலை பெற்றவன் விதைக்கும் மாட்டிற்கும் கணக்குக் கூறி உழவைத் தொடங்குகிறான்; அப்போது காளை பாய்ந்து அவனை வீழ்த்துகிறது. தேறி எழுந்து மீண்டும் வயலுக்கே செல்கிறான்.

இப்பகுதிகளை நகைச்சுவை எனக் கூறி அமைவாரும், உழவர் வாழ்வின் களிப்பைக் காட்டும் நூல் எனப் போற்றுவாரும் உளர். நகையும் களிப்பும் நூலில் உண்மையே. ஆயினும் பள்ளன் எங்கே ஓய்கிறான் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். இளையவள் இல்லத்தில் அவன் கொண்ட ஓய்வு குற்றமாகிறது. தொழுமரத்தில் அவன் இருத்தல் தண்டனையாகிறது. காளை பாய்ந்து அவன் கிடத்தல் விபத்தாகிறது. உழவன் வயலிலிருந்து அகன்றிருக்கும் மூன்று நிலைகளும் இவையே. முறையான ஓய்வு என ஒன்றை நூல் அவனுக்கு வகுக்கவில்லை. மலையில் மனைவியைத் தேடி அலைந்த சிங்கன் நகைப்பிற்கு உரியவனாய் மட்டும் நிற்க, சமவெளியில் மனைவியோடு தங்கிய பள்ளன் கட்டுண்ணுகிறான். வேறுபாட்டிற்குக் காரணம் அவர்தம் இயல்பன்று, நிலத்தின் உரிமை. மலையில் பறவைக்கு உடையவர் இலர்; வயலுக்கு உடையவர் உளர். மழை பெய்த அன்றே உழவனின் நாள்கள் பிறர்க்கு உரியவாகிவிடுகின்றன.

புலவர் இதனைக் கண்டித்துப் பாடினார் எனக் கொள்ளுதல் மிகையாகும். பண்ணைக்காரனின் தோற்றத்தை அவர் எள்ளி வரைந்தமை உண்மை. எனினும் தொழுமரத்தை முறைமையாகவே காட்டுகிறார். பள்ளு, உழைப்பவரைப் பாடுபொருளாகக் கொண்டு பிறர் சுவைத்த இலக்கியம். தேவேந்திரகுல வேளாளர் என 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொதுப்பெயர் பெற்ற மக்களின் முன்னோர் பலர் இத்தகைய பண்ணைகளில் உழைத்தவர்கள். அவர்தம் வழித்தோன்றல்கள் இந்நூலைக் கற்கும் வகுப்பறையில், தொழுமரக் காட்சியை நகை என்று மட்டும் கூறிக் கடந்து செல்லுதல் திறனாய்வாகாது. புலவர் கண்டியாதது எதனையும் நாம் காணாதிருத்தல் வேண்டும் என்னும் விதி இல்லை. அவர் உள்ளவாறு வரைந்தமையாலேயே நாம் காண இயல்கிறது. அதுவே நூலின் பெருமையும் ஆகும்.

5. வட்டத்தொட்டியும் நடவு வயலும்

இருபதாம் நூற்றாண்டில் இப்பொருநை நாட்டில், ஓய்விற்கே ஓர் இலக்கிய வடிவம் அமைந்தது. 'ரசிகமணி' டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் இல்லத்தில் நடத்திய 'வட்டத்தொட்டி'யும், பிற்காலத்திற் குற்றாலத்தில் அவரைச் சூழ்ந்த கூட்டமும் தமிழன்பர் அறிந்தவை. கல்கி, இராசாசி, தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் முதலியோர் அவருடன் பழகினர். ஒரு பாட்டை எடுத்து, விரைவின்றி, திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைத்தலே அங்கு முறை. கம்பர் பாடல்களுட் பலவற்றைத் தம் சுவையையே அளவாகக் கொண்டு இடைச்செருகல் என அவர் ஒதுக்கியதனை ஆராய்ச்சியாளர் மறுத்தனர், அம்மறுப்பு முறையானதே. எனினும் பாட்டைக் கற்றல் ஓர் இளைப்பாறல் என அவர் கண்டமை ஆராய்ச்சியாளரும் மறத்தற்குரியதன்று. நெடுநல்வாடை ஊரார் தடா நெருப்பைப் பகிர்ந்தவாறே, அவர் பாட்டைப் பகிர்ந்தார். சாரலும் அருவியும் அதற்குத் துணை நின்றன.

அக்கூட்டத்தில் அமர்ந்தோர் வழக்கறிஞர், அலுவலர், எழுத்தாளர் முதலிய கற்றோர். அதே ஆற்று நீர் பாய்ந்த வயல்களில் ஐப்பசிச் சேற்றில் நின்றோரும் பாடிக்கொண்டுதான் இருந்தனர். அப்பாட்டுகளை இலக்கியம் எனக் கருதித் தொகுத்தோருள் தலைசிறந்தவர், இந்நாட்டு நாங்குனேரியைச் சார்ந்த நா. வானமாமலை (1917–1980). அவர் தொகுத்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964-இல் வெளிவந்தது. அவர் நிறுவிய நெல்லை ஆய்வுக்குழுவும், 'ஆராய்ச்சி' இதழும் அத்துறையை வளர்த்தன.

நடவுப் பாட்டு, வேலைக்குப் பின் வரும் ஓய்வன்று. வேலையினுள்ளே எடுத்துக்கொள்ளப்படும் ஓய்வு. குனிந்த முதுகும் சேற்றிற் புதைந்த காலும் ஓய்வதற்கில்லை. மூச்சும் குரலும் ஓர் ஒழுங்கிற்கு வந்து களைப்பை ஆற்றுகின்றன. ஒருத்தி முன்பாட மற்றையோர் பின்பாடுதலின் அதுவும் பகிர்வே. தமக்கென ஒரு நாளும் ஒதுக்கப்பெறாதவர், ஓர் அடியின் இடைவெளியைத் தமதாக்கிக் கொண்டனர். பண்ணைக்காரன் தொழுமரத்திற் பூட்ட இயலாத ஓய்வு அதுவொன்றே. பள்ளு நூலின் துள்ளும் நடைக்கு இத்தகைய பாட்டுகளின் சாயல் துணைசெய்தது எனின், நூல் ஓய்வு வகுக்காத உழவனுக்கு அதன் ஓசையேனும் இடம் தந்தது எனல் தகும்.

6. முடிபு

மேற்கூறியவற்றால் விளங்குவன மூன்று. முதலாவது, கூதிரை இலையுதிர் காலமாகக் கருதி அதற்குரிய ஓய்வு முறைகளை இரவல் பெறுதல் தேவையற்றது. விசிறியை ஒதுக்கிச் சாளரத்தை அடைத்து, நெருப்பையும் விளக்கையும் யாழையும் நாடும் முறை நம்மிடமே செவ்விதின் வகுக்கப்பெற்றுள்ளது. இரண்டாவது, அம்முறையை வகுத்த புலவரே, இதம் வேறு இளைப்பாறல் வேறு என உணர்ந்திருந்தார். பஞ்சணை தாராததைப் பகிர்ந்த நெருப்புத் தந்தது. சந்தனம் தாராததைக் குறத்தியின் சொல் தந்தது. மூன்றாவது, மழைக்காலத்து ஓய்வு எவர்க்கு உரியது என்னும் வினாவைக் கேளாது பொருநைக்கரை இலக்கியத்தைக் கற்றல் நிறைவுடையதாகாது.

மூன்றாவதனை மாணவர் மேலும் ஆராய்தல் வேண்டும். பள்ளு நூல்கள் பலவற்றிலும் தொழுமரக் காட்சி வருகின்றது. ஒவ்வொன்றிலும் உழவன் எத்தனை நாள், எக்காரணத்தால் வயலை விட்டு அகன்றான், எவர் அவனை விடுவித்தார் எனத் தொகுத்து ஒப்பிடின், அந்நூல்கள் எழுந்த காலத்து உழைப்பின் அளவும் ஓய்வின் அளவும் ஒருவாறு புலனாகும். முக்கூடற்பள்ளைப் பொறுத்தவரை விடை தெளிவு. முறையிட்டுப் பூட்டுவித்தவளும் மூத்தவளே. இரந்து விடுவித்தவளும் அவளே. சினம் தீர்ந்தபின் அவன் படும் வருத்தத்தை அவளால் பொறுக்க இயலவில்லை. பண்ணையின் கணக்கில் இடம்பெறாத அவ்விரக்கம் ஒன்றே, அந்நூலில் உழவனுக்குக் கிடைத்த இளைப்பாறல்.